ராவன்சைடு வளைவில் வெள்ளைத் திட்டு

ஏமஸ் ஆர்மரட் குட்டித் தண்டவாளத்துக்கு ஜல்லி போட உட்கார்ந்தால் ஆல்டர்ஷா மாடல் ரயில் கிளப்பில் மற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். எழுபத்தோரு வயது. விரல்கள் ஒவ்வொன்றும் கேரட் கிழங்கு தடிமன். அந்த விரல்களை வைத்துக்கொண்டு அவர் கடுகைவிடச் சின்ன கல்லை எப்படித்தான் கையாள்கிறாரோ என்று அவர்களுக்கு ஆச்சரியம்.

ஒரு அட்டையை நடுவில் மடித்து, அதன் வழியாகப் பொடிக்கல்லை இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே கோடு போல விடுவார். மெல்லிய தூரிகையால் அதைப் பரப்புவார். ஸ்லீப்பர் கட்டைகளின் தலைமேல் ஒரு கல்கூட நிற்கக் கூடாது; தண்டவாளத்தை விரல் நகத்தால் இரண்டு தட்டுத் தட்டினால் மேலே நிற்பதெல்லாம் இடுக்கில் இறங்கிவிடும். பிறகு, பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டுக் கலந்த தண்ணீரைப் பனி மாதிரி தெளிப்பார். அது ஊறினதும், தண்ணீர் விட்டு நீர்க்கவைத்த பசையை மருந்துக் குழாயால் சொட்டுச் சொட்டாக விடுவார். அவசரப்பட்டால் பசை முத்து முத்தாகத் திரண்டு கல்லை இழுத்துக்கொண்டு ஓடிவிடும். ஒரு முழ நீளப் பாதைக்கு ஒரு முழு மதியம் ஆகும்.

அவர் கிளப்புக்கு வந்து சேர்ந்ததே ஒரு வாய்த்துடுக்கால்தான். இரண்டு வருடம் முன்பு, பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளப்பின் கண்காட்சிக்குப் போயிருந்தார். அங்கே இருந்த பாதையைக் குனிந்து பார்த்துவிட்டு, "இது ரயில் பாதையா, இல்ல கேக்கு மேல தூவின சர்க்கரையா?" என்று கேட்டுவிட்டார். கிளப் செயலாளர் ட்ரெவர் பின்ஸ் காதில் அது விழுந்தது. ட்ரெவர் நகராட்சியில் வரைபடம் போடுகிறவர். அரை மில்லிமீட்டர் பிசகினால் அவருக்குச் சோறு இறங்காது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"நீங்க ரயில்வேல இருந்தீங்களா?"

"முப்பத்தொம்பது வருஷம். லைன் பாக்குற வேலை. தினம் பாதையில நடக்கணும், தளர்ந்த ஆணிய அடிச்சு இறுக்கணும்."

"அப்ப செவ்வாய்க்கிழமை வாங்க. குறை சொன்ன வாயாலேயே வேலையும் செஞ்சு குடுத்துட்டுப் போங்க."

அவருக்கும் வீட்டில் வேலை இல்லை. போனார். நிலையத்தை ஒட்டிய பாதை எண்ணெயும் பிரேக் தூசியும் படிந்து கறுத்திருக்கும், தள்ளிப் போகப் போகத் துருவின் பழுப்பு ஏறும், ஓரத்தில் லைன் பார்ப்பவர்கள் நடக்கிற தடத்தில் கரிச்சாம்பல் கொட்டியிருக்கும் என்று அவர் சொல்லச் சொல்ல ட்ரெவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். ஆல்டர்ஷா நிலையம், 1973 இலையுதிர் காலம். அதுதான் அவர்கள் செய்துகொண்டிருந்தது. அசல் நிலையம் இப்போது இல்லை. பாதையைப் பெயர்த்து எடுத்துப் பதினைந்து வருடம் ஆகிறது. ஜனங்கள் அதில் நாயைக் கூட்டிக்கொண்டு நடை போகிறார்கள்.

நிலையம் முடிந்தபோது ட்ரெவர் சொன்னார்: "அடுத்து ராவன்சைடு. மலைய வெட்டின இடமும் அந்த வளைவும் இருந்தாத்தான் ரயில் எங்கிருந்தோ வர்ற மாதிரி இருக்கும்."

ராவன்சைடு என்றதும் அறையில் இருந்தவர்கள் கைவேலையை வைத்துவிட்டு நிமிர்ந்தார்கள். 1973 அக்டோபரில், ஒரு வெள்ளிக்கிழமைக் காலை, அந்த வளைவில் எட்டு மணி வண்டி தடம் புரண்டு ஆறு பேர் செத்தது ஊருக்கே தெரியும்.

"நாம விபத்தைச் செய்யல, ஏமஸ். அதுக்கு முந்தின வாரத்தைச் செய்யறோம்," என்றார் ட்ரெவர். "உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

வேண்டாம் என்று சொன்னால் காரணம் சொல்ல வேண்டும். ஏமஸ், "எனக்கென்ன," என்றார்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை வெண்டி டாஸ்கர் ஒரு செருப்புப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவள். முப்பத்தொன்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. அன்று அந்த வண்டியை ஓட்டிச் செத்துப்போன லென் டாஸ்கரின் ஒரே மகள். வளைவில் மணிக்கு ஐம்பது மைலுக்கு மேல் போகக் கூடாது, லென் எழுபதில் போனான் என்று விசாரணையில் முடிவு சொல்லியிருந்தார்கள்.

"அம்மா போன வசந்தத்துல போயிட்டாங்க," என்றாள் வெண்டி. "பரண்ல இது இருந்துச்சு. அப்பாவுக்கு போட்டோ பைத்தியம். லீவு நாள்லயும் லைன் ஓரமாத்தான் நிப்பாரு. நீங்க ராவன்சைடு செய்யறீங்கன்னு கேள்விப்பட்டேன். உங்களுக்கு உதவுமான்னு பாருங்க."

ட்ரெவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. படங்களை மேசைமேல் பரப்பிப் பூதக்கண்ணாடியை எடுத்தார். வெண்டி ஏமஸுக்குப் பக்கத்தில் வந்து நின்று அவர் வேலையைப் பார்த்தாள். அவர் தூரிகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இந்த ஊரில் இருபத்தோரு வருடமாக அவளுக்கு இரண்டு கஜம் கிட்டத்தில் நிற்காமல் காலத்தை ஓட்டியிருந்தார் அவர்.

"எவ்வளவு பொறுமை உங்களுக்கு," என்றாள் அவள். "எங்க பள்ளிக்கூடத்துப் பசங்களுக்குக் கொஞ்சம் அனுப்பி வைங்க."

அவர் பதில் சொல்வதற்குள் ட்ரெவர் கூப்பிட்டார்.

"ஏமஸ், இங்க வாங்க. இது என்னது? ஜல்லி மேல வெள்ளையா?"

படம் மலைமேட்டிலிருந்து கீழ்நோக்கி எடுத்தது. வளைவு, இரண்டு பாதை, வண்டி எதுவும் இல்லை. வெளிப்பக்கத் தண்டவாளத்தில், இரண்டு துண்டுகளும் சேருகிற இடத்தில், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சாம்பல் கலந்த வெள்ளைத் திட்டு ஒன்று.

"காக்கா எச்சமா இருக்கும்," என்றார் அங்கிருந்த ஒருவர்.

"அவ்வளவு பெரிசா? அப்ப அது நெருப்புக்கோழிதான்," என்றார் இன்னொருவர். சிரித்தார்கள். வெண்டியும் சிரித்தாள்.

ட்ரெவர் படத்தைத் திருப்பினார். பென்சிலில் எழுதியிருந்தது: ராவன்சைடு, ஞாயிறு, 14 அக்டோபர் 1973. விபத்துக்கு ஐந்து நாள் முன்பு.

"சுண்ணாம்புக்கல் வண்டி போகும் அந்தப் பக்கம்," என்றார் ஏமஸ். அவருடைய குரலே அவருக்கு யாருடையதோ போலக் கேட்டது. "தூசி சிந்தியிருக்கும்."

"அப்ப அதையும் போட்டுருங்க. அன்னிக்கு இருந்துச்சுன்னா நம்ம பாதையிலயும் இருக்கணும்," என்றார் ட்ரெவர். படத்தை ஏமஸின் மேசைமேலேயே சாய்த்து வைத்துவிட்டுப் போனார்.

அது தூசி அல்ல. அடியில் இருக்கும் களிமண். மழைத்தண்ணீர் போக வழியில்லாமல் ஜல்லிக்குக் கீழே தேங்கினால், ஒவ்வொரு சக்கரம் அழுத்தும்போதும் அடிமண் கூழாகி மேலே பீச்சும். காய்ந்தால் வெளுக்கும். மேலிருந்து பார்த்தால் கறைதான். ஆனால் அதன் அடியில் கட்டைகள் எதன்மேலும் உட்காராமல் தொங்கிக்கொண்டிருக்கும். வண்டி ஏறும்போது ஒரு பக்கத் தண்டவாளம் மட்டும் அமிழும். வளைவில் அப்படி அமிழ்ந்தால் சக்கரம் ஏறிக் குதிப்பதற்கு ஐம்பது மைல் வேகமே போதும்.

அந்த வளைவும் ஏமஸ் நடந்து பார்க்கும் பாதையில்தான் இருந்தது; விபத்து நடந்த வாரத் திங்கட்கிழமை அவர் அதைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை பாதை இன்ஸ்பெக்டர் கிரவுதரிடம் போய்ச் சொன்னார். கிரவுதர், "அடுத்த வாரம் ஆளுங்களை அனுப்பறேன். அதுவரைக்கும் பூமி ஒண்ணும் பிளந்துறாது," என்றான். புதன்கிழமை திட்டு இன்னும் அகலமாகியிருந்தது. வியாழக்கிழமை மதியம் ஒரு சரக்கு வண்டி போகும்போது ஓரத்தில் நின்று பார்த்தார். தண்டவாளம் நாலு விரல் இறங்கி ஏறியது. அவர் தோள்பையில் சிவப்புக் கொடி இருந்தது. தண்டவாளத்தில் வைத்தால் சக்கரம் ஏறி வெடித்து எச்சரிக்கிற வெடிவில்லைகள் மூன்று இருந்தன. ஆபத்து என்று பட்டால் யாரையும் கேட்காமல் வண்டியை நிறுத்த அவருக்கு அதிகாரம் இருந்தது. போன வருடம் ஒருமுறை அப்படி நிறுத்தி, ஒன்றுமில்லாததற்கு லண்டன் வண்டியைத் தாமதமாக்கினான் என்று எல்லோர் முன்னாலும் கிரவுதரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். பையைத் திறக்காமல் வீட்டுக்குப் போனார். அன்று இரவு மழை. மறுநாள் காலை எட்டு மணி வண்டி வந்தது.

அன்று சாயங்காலமே கிரவுதர் அவர் வீட்டுக்கு வந்தான். கையில் ஏமஸ் எழுதும் தினப் பதிவேடு. திங்களிலிருந்து வியாழன் வரை நாலு பக்கமும் கிழித்து எடுக்கப்பட்டிருந்தன. "புதுசா எழுது. 'பாதை சீர்'. அவ்வளவுதான். கடைசியா அந்த இடத்துல நடந்தவன் நீ. பாத்தும் வண்டிய நிறுத்தாதவன் நீ. எனக்கு வேலை போகும், உனக்கு ஜெயில். யோசிச்சுக்க." மனைவி ஹில்டா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்று பிள்ளைகள், குடியிருந்தது ரயில்வே வீடு. ஏமஸ் எழுதினார்.

அன்றைக்கு அவர் எழுதாமல் விட்டது இப்போது மேசைமேல் புகைப்படமாகச் சாய்ந்து நின்றது.

வீட்டுக்கு வந்து ஹில்டாவிடம் சொன்னார். அவள் உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்தவில்லை.

"உடம்பு சரியில்லைன்னு சொல்லிட்டு நின்னுக்கோய்யா. யாரு உன்னைக் கட்டி இழுக்கப் போறா?"

"வேற யாராவது அதைப் போடுவாங்க."

"போட்டுத் தொலையட்டும். சுண்ணாம்புன்னு நெனச்சுப் போடுவாங்க. சுண்ணாம்பாவே இருந்துட்டுப் போகட்டும்." கத்தியைக் கீழே வைத்தாள். "அந்தப் பொண்ணு என்ன கேட்டா?"

"ஒண்ணும் கேக்கல. பொறுமைசாலின்னா."

ஹில்டா அவரைப் பார்த்தாள். பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு மறுபடி உரிக்க ஆரம்பித்தாள்.

மூன்று வாரம் அவர் அந்த ஒரு சாண் இடத்தை மட்டும் விட்டுவிட்டு இரண்டு பக்கமும் ஜல்லி போட்டார். ட்ரெவர் வரும்போதெல்லாம், "நம்ம சுண்ணாம்பு என்னாச்சு?" என்று கேட்பார். கண்காட்சி அக்டோபரில் வைத்திருந்தார்கள். செப்டம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை மதியம், வேறு வழியில்லாமல் அதற்கும் உட்கார்ந்தார்.

வெள்ளைப் பொடியை மேலாகத் தூவிவிட்டு எழுந்துவிடுவது என்றுதான் நினைத்திருந்தார். கை கேட்கவில்லை. முதலில் மூன்று கட்டைகளைப் பெயர்த்து, அடியிலிருந்த தக்கையை மயிரிழை ஆழம் சீவி, இணைப்பை ஒரு பொட்டு இறக்கினார். தோட்டத்திலிருந்து கொண்டுவந்திருந்த களிமண்ணைச் சலித்துத் தண்ணீரும் பசையும் சேர்த்துக் கூழாக்கினார். அதை ஜல்லிக்கு மேலே ஊற்றவில்லை; ஊசியால் அடியிலிருந்து கல்லிடுக்கு வழியாக மேலே தள்ளினார். இணைப்புத் தகட்டின் மேல் சின்னச் சின்னத் தெறிப்புகள். கட்டையின் முனையைச் சுற்றி, கல்லெல்லாம் தேய்ந்து உருண்டு பல் விழுந்த ஈறு போல இருந்த அந்தக் குழி. ஓரத்தில் காய்ந்த வெளுப்பு, நடுவில் காயாத கருமை. முடிக்கும்போது மணி ஐந்து. நிமிர்ந்து பார்த்தார். வியாழக்கிழமை மதியம் அவர் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது அப்படியே இருந்தது.

பின்னால் வெண்டி நின்றுகொண்டிருந்தாள். பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போக வந்திருந்தாள். ட்ரெவரும் மற்றவர்களும் உள்ளறையில் தேநீர் போட்டுக்கொண்டு கால்பந்து முடிவுகளைப் பற்றிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நெஜம் மாதிரியே இருக்கு," என்றாள். குனிந்து பார்த்தாள். "இந்த இடம் கொஞ்சம் பள்ளமா இருக்கே? சுண்ணாம்புத் தூசிக்கு ஏன் பாதை இறங்குது, மிஸ்டர் ஆர்மரட்?"

அவர் ஊசியைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எங்கம்மா விசாரணையில சொன்னாங்க," என்றாள் அவள் மெதுவாக. "ராவன்சைடுல ஒரு எடத்துல வண்டி தூக்கிப் போடுதுன்னு அப்பா அந்த வாரம் பூரா சொல்லிட்டு இருந்தாருன்னு. பொண்டாட்டி வேற எப்படிச் சொல்லுவான்னு தள்ளிட்டாங்க." அவள் இன்னும் பாதையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுதானே அந்த இடம்?"

"ஆமா."

"இது தூசி இல்ல."

"இல்லம்மா. சேறு."

பிறகு அவர் எல்லாவற்றையும் சொன்னார். நீட்டி முழக்கவில்லை; திங்கள், செவ்வாய், புதன், வியாழன் என்று நாள் நாளாகச் சொன்னார். கிரவுதர் வந்ததைச் சொன்னார். எழுதினதைச் சொன்னார். உள்ளறையில் யாரோ ஒரு கோலைப் பற்றி வாய்விட்டுச் சிரித்தார்கள்.

வெண்டி அழவில்லை. பக்கத்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா எழுபதுல போகல."

"ஐம்பதுல போயிருந்தாலும் விழுந்திருக்கும்."

"வண்டிய நிறுத்த என்ன வேணும்?"

"சிவப்புக் கொடி. இல்ல ஒரு வெடிவில்லை."

"உங்ககிட்ட இருந்துச்சா?"

"தோள்பையில இருந்துச்சு."

"பையில இருந்துச்சு," என்றாள் அவள். மேல்கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். போட்டு முடித்தபோது குரல் மாறியிருந்தது. "எங்க வீட்டுக் கதவுல சிவப்புப் பெயிண்டால கொலைகாரன்னு எழுதினாங்க. தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"அம்மா இருபத்தோரு வருஷம் பின்சந்து வழியாத்தான் கடைக்குப் போனா. பாத்திருக்கியா நீ?"

"பாத்திருக்கேன்."

"பாத்துட்டு?"

அவள் செருப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ட்ரெவர் தேநீரோடு வந்து, "அந்தப் பொண்ணு எங்க? பிஸ்கட் எடுத்து வச்சேனே?" என்றார்.

அடுத்த வியாழக்கிழமை வெண்டி அவர் வீட்டுக்கே வந்தாள். கோடு போட்ட தாளும் பேனாவும் கொண்டுவந்திருந்தாள். ஹில்டா கதவைத் திறந்து வழிவிட்டாள்.

"எனக்குச் சொன்னதை எழுது," என்றாள் வெண்டி. "அப்பா எடுத்த போட்டோவோட சேத்து லண்டனுக்கு அனுப்பணும். விசாரணை செஞ்ச ஆபீசுக்கு."

"கிரவுதர் செத்துட்டான்," என்றார் ஏமஸ். "எட்டு வருஷம் ஆச்சு."

"நீ சாகலையே."

அவர் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதினார். இரண்டு பக்கம் வந்தது. கையெழுத்துப் போடப் போகும்போது ஹில்டா அடுப்பருகிலிருந்து பேசினாள்.

"இன்னொண்ணு எழுதணும். அன்னிக்கு இவரு மாட்டேன்னுதான் சொன்னாரு. பதிவேட்டுல பொய்ய எழுதச் சொன்னது நான்." வெண்டி திரும்பினாள். "ஆமாம்மா. பிள்ளைங்களைத் தூக்கிட்டு நடுத்தெருவுல நிக்கச் சொல்றியான்னு கேட்டேன். பேனாவ எடுத்துக் குடுத்ததும் நான்தான். அதையும் எழுதச் சொல்லு."

"எனக்கு அது வேண்டாம்," என்றாள் வெண்டி. "கொடி உங்க பையில இல்ல."

ஹில்டா உட்கார்ந்துவிட்டாள். பழியில் ஒரு பங்குகூட அவளுக்கு மறுக்கப்பட்டுவிட்டது.

செய்தி ஊரில் பரவ நாலு நாள் ஆனது. யார் சொன்னார்கள் என்று கேட்க வேண்டியதில்லை, வெண்டி ஒளிக்கவில்லை. மதுக்கடையில் ஏமஸ் வழக்கமாக உட்காரும் மூலையில் ஆளிருந்தால் எழுந்து போனார்கள். கறிக்கடைக்காரர் அவருக்கு எடை போட்டுக் கொடுத்தார், வானிலை பற்றிப் பேசவில்லை. மூத்த மகன் லீட்ஸிலிருந்து தொலைபேசியில், "இத்தனை வருஷம் வாய மூடிட்டு இருந்தீங்க. இப்ப என்ன அவசரம்?" என்று கேட்டான்.

கண்காட்சிக்கு ஒரு வாரம் முன்பு ட்ரெவர் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"ஏமஸ், தப்பா எடுத்துக்காதீங்க. கண்காட்சிக்குச் செத்தவங்க சொந்தக்காரங்களும் வருவாங்க. அந்த இடத்தைப் பாத்தாங்கன்னா... அதனால அது மேல கொஞ்சம் புது ஜல்லி போட்டுட்டேன். பாக்க நல்லாத்தான் இருக்கு."

"போட்டோல இருக்கே."

"இருக்கு." ட்ரெவரின் காது சிவந்தது. "கமிட்டில பேசினோம். நீங்க கொஞ்ச நாள் வராம இருந்தா எல்லாருக்கும் நல்லது."

"எவ்வளவு கெட்டியாப் போட்டீங்க?"

"என்னது?"

"புது ஜல்லி. மேலாகத் தூவினா பசை நிக்காது. ஒரு வாரத்துல உதிரும்."

ட்ரெவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். ஏமஸ் அதற்குப் பிறகு கிளப் இருந்த தெருவுக்கே போகவில்லை.

லண்டனிலிருந்து பதில் டிசம்பரில் வந்தது. வெண்டி அதை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றபடியே, "படி. சத்தமா," என்றாள். ஏமஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். குறிப்பிட்ட ஆண்டின் பதிவேடுகள் விதிப்படி அழிக்கப்பட்டுவிட்டன. சம்பந்தப்பட்ட அதிகாரி உயிருடன் இல்லை. புதிய சான்று ஏதும் இல்லாத நிலையில் விசாரணையைத் திரும்பத் திறக்க முகாந்திரம் இல்லை. புகைப்படத்தில் காணப்படுவது எதுவென்று இப்போது உறுதியாகக் கூற இயலாது. திரு ஆர்மரட் முன்வந்து எழுதியமைக்கு நன்றி.

"நன்றியாம்," என்றாள் வெண்டி. தாளை வாங்கி நாலாக மடித்தாள். அதைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். "சரி. அவங்க கேக்க வேண்டாம். கேக்க வேண்டியவங்க இங்க இருக்காங்க. அப்பாவோட செத்த அஞ்சு பேர்ல நாலு பேரோட குடும்பம் இன்னும் இந்த ஊர்லதான் இருக்கு. கிறிஸ்துமஸ் முடியட்டும். சனிக்கிழமை சனிக்கிழமை வருவேன். வண்டில ஏறிக்க. எனக்குச் சொன்னதை அவங்களுக்குச் சொல்லணும். உன் வாயால."

"வர்றேன்," என்றார் ஏமஸ்.

ஜனவரி முதல் சனிக்கிழமை ஹில்டா அவருக்குக் கறுப்புக் கோட்டைத் துலக்கிக் கொடுத்தாள். வெண்டியின் காரில் ஹீட்டர் வேலை செய்யவில்லை.

முதல் வீட்டில் திருமதி ஹாட்டர்ஸ்லி. தொண்ணூறு வயது, செத்தவள் அவள் தங்கை. காது கேட்கவில்லை. ஏமஸ் மூன்று முறை சொன்னார், மூன்றாவது முறை கத்தியே சொன்னார். கிழவி அவரைத் தேவாலயத்திலிருந்து வந்தவர் என்று நினைத்துக்கொண்டு அவர் கையைத் தட்டிக் கொடுத்து, பழக் கேக்கை ஒரு துண்டு வெட்டி வைத்தாள். அவர் அதைத் தின்ன வேண்டியிருந்தது. வெண்டி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த சனிக்கிழமை டைசன் வீடு. அவன் மனைவி அந்த வண்டியின் முதல் பெட்டியில் இருந்தவள். டாஸ்கர் வீட்டுக் கதவில் பெயிண்ட் அடித்தவன் அவன்தான் என்பது ஊரறிந்த விஷயம். ஏமஸ் வாசலில் நின்று சொல்லி முடிக்கும்வரை டைசன் அவர் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. பின்னால் நின்ற வெண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். கதவுச் சட்டத்தைப் பிடித்திருந்த அவன் கை வெளுத்திருந்தது.

"நீ ஏம்மா வந்தே?" என்றான் கடைசியில். "இவனை மட்டும் அனுப்பியிருக்கக் கூடாதா?"

டைசன் கதவைச் சாத்திவிட்டான். உள்ளே ஏதோ ஒரு பாத்திரம் உடையும் சத்தம் கேட்டது. அவர்கள் கொஞ்ச நேரம் நின்றார்கள். அவன் திரும்பத் திறக்கவில்லை.

மூன்றாவது வீடு ஊரின் மேல்கோடியில், கல் மில்லுக்குப் பின்னால் இருந்தது. எர்ரல் பிக்கர்ஸ்கில், எண்பத்து நாலு வயது. அவருடைய மகன் காலின், பத்தொன்பது வயதில், தொழிற்கல்லூரிக்குப் போகிற வழியில் செத்தவன். கிழவரே கைத்தடியோடு வந்து கதவைத் திறந்தார். வெளியே பனி பெய்துகொண்டிருந்ததால் உள்ளே வரச் சொன்னார். முன்னறையில் கணப்பு எரிந்தது. அவர் உட்கார்ந்தார், இவர்களை உட்காரச் சொல்லவில்லை.

ஏமஸ் திங்கட்கிழமையிலிருந்து ஆரம்பித்தார். இப்போது அது அவருக்கு வரிசையாக வந்தது. கிழவர் இடையில் ஒருமுறைகூடக் குறுக்கிடவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, நல்ல காதை இந்தப் பக்கம் திருப்பிக் கேட்டார். கொடியைப் பற்றிச் சொன்னதும் ஒருமுறை தலையசைத்தார். பதிவேட்டைப் பற்றிச் சொன்னபோது அசைக்கவில்லை.

முடிந்ததும் கிழவர் கைத்தடியை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திக்கொண்டார்.

"திங்கட்கிழமையே இருந்துச்சா?" என்று கேட்டார் கிழவர்.

"ஞாயித்துக்கிழமையே இருந்துச்சு. இந்தப் பொண்ணோட அப்பா போட்டோ எடுத்திருக்காரு."

"அப்ப அந்த நாலு நாளும் காலின் அது மேல போயிட்டுத் திரும்பி வந்திருக்கான்." கைத்தடியின் பிடியைக் கட்டைவிரலால் தேய்த்தார். "திங்கள், செவ்வாய், புதன், வியாழன். தினம் சாயங்காலம் இந்த வாசல்லதான் சைக்கிளைச் சாத்துவான். புதன்கிழமை நான் அவனைத் திட்டினேன், விளக்கை அணைக்காம வச்சிட்டான்னு."

"ஆமாங்க," என்றார் ஏமஸ். எதற்கு ஆமாம் என்று அவருக்கே தெரியவில்லை.

"நீ அதைப் பாத்தே. அவன் அது மேல போனான். நான் வீட்டுல இருந்து பேப்பர் படிச்சேன்." கிழவர் வெண்டியின் பக்கம் திரும்பினார். "உங்கப்பாவும் அது மேலதான் ஓட்டினாரு, இல்லையாம்மா? தினமும்."

"தினமும்," என்றாள் வெண்டி.

"நான் அவரை வாயில வராததெல்லாம் சொன்னேன். இந்தத் தெருவுலயே நின்னு சொன்னேன்."

"எனக்குத் தெரியும். அப்ப எனக்குப் பதினேழு வயசு, கேட்டுக்கிட்டுத்தான் போனேன்."

கிழவர் எழுந்திருக்க முயன்றார், முடியவில்லை. ஏமஸ் ஒரு அடி முன்னால் வைத்தார். கிழவர் கைத்தடியை உயர்த்தி அவரைத் தடுத்தார். அடிக்க அல்ல, கிட்டே வராதே என்று. வெண்டி போய் முழங்கையைப் பிடித்துத் தூக்கினாள். இருவரும் வாசல்வரை மெதுவாக நடந்தார்கள். ஏமஸ் பின்னால் வந்தார்.

வாசலில் கிழவர் வெண்டியின் கையை விடவில்லை. "நீ மட்டும் இன்னொரு நாள் வா," என்றார். "காலினோட ரூம் அப்படியேதான் இருக்கு." ஏமஸைப் பார்த்து, "நீ வராதே," என்றார். கோபமாகக்கூட இல்லை, பால்காரனிடம் நாளைக்கு வேண்டாம் என்று சொல்வது போல.

காரில் ஏறினதும் வெண்டி சாவியைப் போட்டுவிட்டு, வண்டியைக் கிளப்பாமல் கைகளை ஸ்டியரிங் சக்கரத்தின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிமேல் பனி விழுந்து மூடிக்கொண்டே வந்தது. தோள்கள் குலுங்கின. ஏமஸ் எதிரே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் முகத்தைக் கையுறையால் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.

"அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்கு," என்றாள். "கடைசி வீடு. அவங்களுக்கு அப்ப ரெண்டு சின்னப் பிள்ளைங்க இருந்துச்சு. இப்ப அதுங்களும் அங்கதான் இருக்கும்."

"தயாரா நிக்கிறேன்," என்றார் ஏமஸ்.